பெருநாளன்று ரொப்பிய டாங்கி

கண்ணப்பன் செட்டியாருக்குக் கார் ஓட்டத் தெரியாது. காரில் ஏறினாலே குமட்டுகிறது என்று ரிக்‌ஷாவில் போகிறவர் அவர். அப்படிப்பட்டவரிடம் மூன்று கார்கள் இருந்தன என்றால் அதற்கு ரப்பர் விலைதான் காரணம். விலை விழுந்த வருஷம் கடன் வாங்கியவர்கள் முதலும் கட்டவில்லை, வட்டியும் கட்டவில்லை. காரை ஓட்டி வந்து வட்டிக் கடை வாசலில் நிறுத்திவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போனார்கள். விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை. ஒரு பொருள் சும்மா நிற்பதைப் பார்த்தால் செட்டியாருக்குச் சோறு இறங்காது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டுக் கார்களை நாள் வாடகைக்கு விட்டார்.

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்றுதான். போகும்போது டாங்கி நிறைந்திருக்கும், வரும்போதும் நிறைந்திருக்க வேண்டும். அந்தப் பழைய ஃபோர்டு கார்களில் டாங்கி முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. கார் கொட்டகைக்குள் வந்ததும் செட்டியார் மெத்தையைத் தூக்கச் சொல்லி, மூடியைத் திறந்து, ஒரு குச்சியை உள்ளே விட்டு எடுப்பார். ஈரம் குச்சியில் வெட்டிய கோடு வரைக்கும் ஏறியிருந்தால் சரி. குறைந்திருந்தால், குறைந்த பெட்ரோலுக்கு இரட்டை விலை. கையில் இல்லையென்றால் பற்று, பற்றுக்கு வட்டி. காரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாத மனிதர் அந்தக் குச்சியை வைத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் டிரைவர்களையெல்லாம் நடுங்க வைத்திருந்தார்.

தம்புசாமி நடுங்கியதில் நியாயம் இருந்தது. அவன் மராமத்து இலாகாவில் கல் லோரி ஓட்டுகிறவன். அங்கே ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தது. ஆபீஸ் குமாஸ்தாக்களுக்குத் தலைவரான பெரிய கிராணி ஒரு பெயரைச் சுழித்தால் போதும், மறுவாரம் அந்த ஆள் மூட்டை முடிச்சோடு நாகப்பட்டினம் கப்பலில் இருப்பான். அந்தப் பெரிய கிராணி செட்டியாரிடம் கடன்பட்டவர். செட்டியாரிடம் பாக்கி வைத்தவன் பெயரைக் கிராணி முதலில் சுழிப்பார் என்று லோரிக்காரர்களுக்குள் ஒரு பேச்சு. உண்மையோ பொய்யோ, யாரும் சோதித்துப் பார்க்கத் துணியவில்லை.

சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு முந்திய சாயங்காலம் கிள்ளான் ரயிலில் ஒருவர் சேதி கொண்டுவந்தார். தம்புசாமியின் மனைவி பவுனம்மாள் பிரசவத்துக்காக ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்த அக்கா இராஜம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை பிறந்துவிட்டது. குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. தாய்க்குத்தான் ரத்தம் நிற்கவில்லை. தோட்டத்தில் வைத்தியம் பார்க்கிற டிரெசர் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று கையை விரித்துவிட்டார். எதில் கொண்டுபோவது? தோட்டத்து லோரி ஓட்டுகிற சீனன் பெருநாளுக்கு வீட்டுக்குப் போய்விட்டான். மாட்டு வண்டியில் ஏற்றினால் குலுக்கலிலேயே உயிர் போய்விடும்.

தம்புசாமி தெரிந்தவர்களிடமெல்லாம் கைமாற்று வாங்கிக்கொண்டு செட்டியாரிடம் ஓடினான். காரில் விளக்கு எரியாது, விடிந்த பிறகுதான் எடுக்கலாம் என்றார் செட்டியார். வாடகையை முன்னதாகவே வாங்கிக்கொண்டார். பெட்ரோலுக்கு மட்டும் அவன் கையில் கொஞ்சம் மிஞ்சியது.

"நாளைக்குச் சீனப் பெருநாளு தெரியுமில்ல?" என்றார் செட்டியார். "கோலாலம்பூர்ல ஒருத்தனும் பெட்ரோல் கடை தெறக்க மாட்டான். கிள்ளான்ல ராவுத்தர் கடை மட்டும் மத்தியானம் வரைக்கும் இருக்குமாம். அங்கேயே ரொப்பிக்க. வழிக்கு ஒரு தகரம் பெட்ரோலும் வாங்கி வச்சுக்க. அப்புறம் கடையில்ல முதலாளின்னு எங்கிட்ட வந்து கையப் பெசையப்படாது. ரெட்டை விலைதான்."

"சரிங்க முதலாளி."

"சம்சாரத்தப் பத்தரமாக் கூட்டிக்கிட்டுப் போய்ச் சேரு. ஆண்டவன் இருக்கான்."

இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார். அவரைப் பொறுத்தவரை இரண்டும் அக்கறைதான்.

விடியும்போது புறப்பட்டவன் எங்கேயும் நிற்கவில்லை. தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பவுனம்மாள் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. அவனைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள். இராஜம்மா அதட்டிப் படுக்க வைத்தாள். பின் சீட்டில் பழைய சேலைகளை நான்கு மடிப்பாக விரித்து, தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். தலைமாட்டில் இராஜம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்தாள். முழுசாய்க் குழந்தையைப் பார்க்கக்கூடத் தம்புசாமிக்கு நேரமில்லை. ஒரு கறுப்புத் தலை தெரிந்தது, அவ்வளவுதான்.

செம்மண் சாலை. வேகமாக ஓட்டினால் குலுங்கியது, குலுங்கினால் பவுனம்மாள் பல்லைக் கடித்தாள். மெதுவாக ஓட்டினால் நேரம் போனது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவன் ஒவ்வொரு பள்ளத்தையும் வளைந்து வளைந்து ஓட்டினான். பாதி வழியில் பவுனம்மாளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருந்தது. பேசினாள்.

"வாடகைக் காரா?"

"ஆமா. நீ பேசாதே."

"செட்டியார் காரா?"

"ஆமா."

அவளுக்குச் செட்டியாரின் குச்சியைத் தெரியும். பிரிக்ஃபீல்ட்ஸ் பெண்கள் குழாயடியில் அதை வைத்துத்தான் சிரிப்பார்கள். "எண்ணெ போடணுமில்ல?" என்று பெட்ரோலைப் பற்றிக் கேட்டாள்.

"அத நான் பாத்துக்கிறேன்."

"இன்னிக்கிப் பெருநாளாச்சே. எந்தக் கடை இருக்கும்?"

அவனால் பொய் சொல்ல முடியவில்லை. கிள்ளானுக்குள் நுழைகிற இடத்தில் ராவுத்தர் கடை, மத்தியானம் வரைக்கும்தான் என்றான். சூரியன் ஏற்கெனவே உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே சேர்த்துவிட்டுத் திரும்புவதற்குள் கடையைச் சாத்திவிடுவார்கள். இது அவன் மனசுக்குள் விடிந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருந்த கணக்கு. அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள்தான் சொன்னாள்.

"போட்டுக்கிட்டே போங்க. எனக்கு ஒன்னுமில்ல. இப்பக் கொஞ்சம் தேவலாம்."

"வேணாம் பவுனு."

"நின்னா எவ்வளவு நேரமாகப் போவுது? பேரச் சுழிச்சுட்டாங்கன்னா இந்தப் புள்ளயத் தூக்கிக்கிட்டு எங்க போறது? போட்டுக்கிட்டே போங்க."

ஒரு மனிதனுக்குத் தான் செய்ய விரும்புவதையே இன்னொருவர் செய்யச் சொன்னால் அது எவ்வளவு பெரிய நிம்மதி! தம்புசாமிக்கு அந்த நிம்மதி வந்தது. வந்ததை அவன் பிற்பாடு எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பான் என்று சொல்ல முடியாது. அவள் சொன்னாள் என்பதற்காகவா நின்றோம், அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தோமா என்பதுதான் அவனைத் தின்றது.

ராவுத்தர் கடை முன்னால் இரண்டு கார்கள் நின்றிருந்தன. ஊரில் வேறு கடை இல்லாதபோது அது அதிசயமில்லை. தம்புசாமி இறங்கி ஓடி, பின்னால் நோயாளி இருக்கிறாள் என்று சொன்னான். அந்தக் கார்க்காரர்கள் நல்லவர்கள். விலகி இடம் விட்டார்கள். ராவுத்தரும் நல்லவர். "என்ன தம்பி, மொதல்லயே சொல்லக்கூடாதா" என்று பெட்ரோல் தகரத்தைத் தாமே தூக்கிக்கொண்டு வந்தார். அன்று அவன் சந்தித்தவர்களில் கெட்டவன் என்று சொல்ல ஒருவன்கூட இல்லை.

முன் சீட்டு மெத்தையைக் கழற்றித் தரையில் வைத்தான். ராவுத்தர் டாங்கி வாயில் புனலை வைத்தார். புனலின் மேல் ஒரு மெல்லிய தோல் விரித்திருந்தது. தகரத்துப் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தால் தோல் அதை நிறுத்திவிடும். பெட்ரோல் மட்டும் கசிந்து இறங்கும். ராவுத்தருக்கு அதில் பெருமை அதிகம். தம் கடைப் பெட்ரோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்ததாக எவனும் சொன்னது கிடையாது என்பார். ஆனால் தோலில் கசிவது கசிகிற வேகத்தில்தான் கசியும்.

"தோல எடுத்துடுங்க பாய். அப்படியே ஊத்துங்க."

"தண்ணி போய்ப் பாதி வழியில கார் நின்னா என்ன செய்வே? கொஞ்சம் பொறு லா."

பாதித் தகரம் இறங்கியிருக்கும். எதிர் வரிசையில் ஒரு சீனர் வீட்டு மாடியிலிருந்து பட்டாசுச் சரத்தைத் தொங்கவிட்டார்கள். மாடியிலிருந்து தரை வரைக்கும் சிவப்பாகத் தொங்கியது. ராவுத்தர் நிமிர்ந்து பார்த்தார். சட்டென்று தகரத்தை நிமிர்த்தி மூடியைத் திருகினார். புனலை எடுத்து, டாங்கி வாயைக் கையால் பொத்தி, "மூடி எங்க? மூடி எங்க?" என்று கத்தினார். தம்புசாமி மூடியைக் கொடுத்தான்.

"ஒரு பொறி வந்து விழுந்தா நாமெல்லாம் சாம்பலு. முடியட்டும்."

சரம் வெடிக்க ஆரம்பித்தது. காது அடைத்தது. சாலை முழுவதும் புகை. குழந்தை வீறிட்டது. இராஜம்மா முந்தானையால் குழந்தையின் காதை மூடிக்கொண்டாள். பவுனம்மாள் கண்ணைத் திறந்து, "தண்ணி" என்றாள். அவள் உதட்டசைவில்தான் அது தெரிந்தது. ராவுத்தர் வீட்டிலிருந்து ஒரு குவளையில் தண்ணீர் வந்தது. இராஜம்மா கொஞ்சம் புகட்டினாள்.

அந்தச் சரம் ஓய்ந்தது. ராவுத்தர் தகரத்தைத் தூக்கினார். அடுத்த வீட்டில் இன்னொரு சரத்தைத் தொங்கவிட்டார்கள். பெருநாள் அல்லவா, ஒரு வீடு வெடித்தால் பக்கத்து வீடு சும்மா இருக்குமா?

அப்போதே அவன் போயிருக்கலாம். மெத்தையைத் தூக்கிப் போட்டு, காரை முடுக்கி, ஆஸ்பத்திரிக்கு ஓட்டியிருக்கலாம். ஒரு மைல்கூட இருக்காது. டாங்கியில் இருந்த பெட்ரோல் கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் போய் மறுபடியும் வருவதற்கே போதும். அவன் திரும்பிப் பார்த்தான். "தூங்குறா தம்பி" என்றாள் இராஜம்மா. தூங்குகிறாள் என்றால் வலி இல்லை என்றுதானே அர்த்தம்? இவ்வளவு நேரம் நின்றாயிற்று, இன்னும் பாதித் தகரம்தானே என்று நினைத்தான். நின்றான். நான் அவனுக்காகப் பரிந்து பேச வரவில்லை. எவ்வளவோ பேர் எவ்வளவோ இடங்களில் இப்படித்தான் நிற்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் ஒன்றும் ஆவதில்லை. இவனுக்கு ஆயிற்று.

கடைசியில் டாங்கி நிறைந்தது. வழிக்கு என்று ஒரு சின்னத் தகரம் பெட்ரோலும் வாங்கிக் காலடியில் வைத்துக்கொண்டான். ராவுத்தர் கடையைச் சாத்தப் பலகைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பேர் தூக்குப் படுக்கையோடு வந்தார்கள். அவர்களோடு வந்த தமிழ் டிரெசர் கார்க் கதவைத் திறந்து, குனிந்து, பவுனம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தார். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். தூக்கச் சொல்லிக் கையைக் காட்டவில்லை.

"எங்கேருந்து வர்றீங்க?"

"ஜெஞ்சாரோம் பக்கம், ஐயா."

"வழியில எங்கயாச்சும் பேசினாங்களா?"

"தண்ணி கேட்டாளே," என்றாள் இராஜம்மா. "இப்ப, இந்தக் கடை வாசல்லதான், தண்ணி கேட்டாளே!"

டிரெசர் கையை விட்டார். "உடம்புச் சூடு கூடத் தணியலம்மா," என்றார். "இப்பத்தான் போயிருக்கு."

இராஜம்மா வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். தம்புசாமி அழவில்லை. இப்பத்தான் என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றான். எது அந்த இப்ப? முதல் சரமா, இரண்டாவது சரமா? தோல் வழியாகக் கசிந்துகொண்டிருந்தபோதா, ராவுத்தர் மீதிச் சில்லறை எண்ணிக் கொடுத்தபோதா? அவன் அந்தச் சில்லறையைச் சரிபார்த்து வாங்கியிருந்தான். அது ஞாபகம் வந்ததும் தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

சவத்தை மறுநாள்தான் எடுக்கலாம் என்றார்கள். பெருநாளில் ஆள் இல்லை. குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் பால் கொடுத்தார்கள். "தம்பி, காரை விட்டுட்டு ரயில்ல வந்துருங்க. நான் இங்கனயே இருக்கேன்," என்றாள் இராஜம்மா. ஒரு வார்த்தை குற்றமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனுக்கு உதவியாக இருந்திருக்கும்.

இராஜம்மா பின் சீட்டுச் சேலைகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். வண்டி காலியாகத் திரும்பியது. பத்து தீகா தாண்டி, பெட்டாலிங் தாண்டி வழியெல்லாம் பட்டாசுக் காகிதம் சிவப்பாய்க் கிடந்தது. காலடியில் தகரம் உருண்டு உருண்டு அவன் காலில் இடித்தது. கொட்டகைக்குத் திரும்புகிற முனையில் அவன் காரை நிறுத்தினான். இறங்கினான். மெத்தையைத் தூக்கி, தகரத்தில் இருந்ததை ஒரு சொட்டுச் சிந்தாமல் டாங்கியில் ஊற்றினான். ஏன் ஊற்றினான் என்று அவனைக் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. கை செய்தது.

கண்ணப்பன் செட்டியார் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு கொட்டகையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மற்ற இரண்டு கார்களும் வந்து நின்றிருந்தன. பெருநாளானதால் அவரும் கடையை மூடியிருந்தார், அதனால் நல்ல மனநிலையில் இருந்தார். குச்சியை எடுத்துக்கொண்டு வந்தார். தம்புசாமி மெத்தையைத் தூக்கிப் பிடித்தான். செட்டியார் குச்சியை விட்டு எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஈரம் கோட்டைத் தொட்டிருந்தது.

"பாரேன்!" என்று சிரித்தார். "இன்னிக்கி நீ ஒருத்தன்தாம்ப்பா ரொப்பிக் கொண்டாந்திருக்க. இந்த ரெண்டு பேரும் அரை டாங்கியோட வந்து நிக்கிறானுங்க. கடையில்ல முதலாளிங்கிறான். பெருநாளு, எல்லாவனும் சாத்திட்டான், அவனுங்க என்ன செய்வானுங்க? போங்கடான்னு விட்டுட்டேன்."

தம்புசாமி மெத்தையைப் பிடித்தபடியே நின்றான்.

"வாங்கலீங்களா?"

"என்னது?"

"ரெட்டை விலைன்னு சொன்னீங்களே."

"சொல்றதுதான். சொல்லாட்டி எவன் ரொப்புவான்?" செட்டியார் குச்சியைத் துணியில் துடைத்தார். "அது கெடக்கட்டும். சம்சாரத்தச் சேத்துட்டியா? எப்படி இருக்கா?"

"எண்ணெ போட நின்னேன் முதலாளி," என்றான் தம்புசாமி. "நின்ன எடத்துலயே போயிட்டா."

செட்டியாருக்கு முதலில் விளங்கவில்லை. யார் போய்விட்டாள், எங்கே போய்விட்டாள் என்பது போல அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு பின் சீட்டைப் பார்த்தார். சேலைகள் விரித்திருந்தும் மெத்தையில் ரத்தம் ஊறியிருந்தது. துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"ஐயையோ," என்றார். "நான் ஒரு பேச்சுக்குத்தானேப்பா சொன்னேன். சும்மா ஒரு பேச்சுக்கு. பொம்பளயப் பின்னால போட்டுக்கிட்டு எவனாச்சும் எண்ணெ போட நிப்பானா? நீ வெறும் டாங்கியோட வந்திருந்தாலும் நான் ஒன்னும் கேட்டிருக்க மாட்டேனே. நான் என்ன ராட்சசனா?"

அவர் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கியது. சவ அடக்கத்துக்கு வேண்டியதைத் தாமே செய்வதாகச் சொன்னார். கிராணியிடம் சொல்லி லீவு வாங்கித் தருவதாகச் சொன்னார். அந்தக் கிராணியிடம் அவனைப் பற்றி ஒரு நாளும் ஒரு சொல் பேசியதில்லை என்பது அந்தப் பேச்சிலேயே தெரிந்தது. அவனுடைய தகப்பன் பெயரையே அப்போதுதான் கேட்டார்.

தம்புசாமி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். அந்த மனிதர் ஒரு ராட்சசனாக இருந்திருக்கக்கூடாதா என்றிருந்தது அவனுக்கு. ஈரம் ஒரு விரற்கடை குறைகிறது, வை பணத்தை என்று கழுத்தைப் பிடித்திருந்தால், இவனுக்குப் பயந்துதானே நின்றேன் என்று சொல்லிக்கொண்டு ஆயுசு முழுவதும் அவரைத் திட்டித் தீர்த்திருப்பான். இப்போது திட்டுவதற்கு ஊரில் ஆளில்லை.

"எண்ணெய எடுத்துருங்க முதலாளி," என்றான்.

"என்னப்பா சொல்றே?"

"டாங்கியில இருக்கிறத. எடுத்துக் கீழ ஊத்திருங்க."

செட்டியார் அவன் தோளைத் தொட்டார். தம்புசாமி மெத்தையை இறக்கி வைக்காமல், இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நிறைந்த டாங்கியைப் பார்த்தபடி அங்கேயே நின்றான்.